வெளிக்கிடுறம், நிண்டு நிண்டு போவம்

"எதுக்கு?"

வானைக் கண்ட ஆக்கள் எல்லாரும் கேக்கிற கேள்வி இதுதான். சுத்திப் பாப்பினம், கதவைத் திறந்து உள்ள எட்டிப் பாப்பினம், "நல்லா இருக்கு" எண்டுவினம். பிறகு ஒரு மாதிரி நிண்டு, "ஆனா எதுக்கு?"

ரொறன்ரோவில இருக்கிற சின்னம்மாவின்ர மகள் போனில கேட்டவ: "என்னக்கா, ஏதும் நேர்த்தியே?"

நேர்த்தி இல்லை. கலியாணவீடு இல்லை, செத்தவீடு இல்லை. காணி உறுதி பாக்கிற அலுவலும் இல்லை. நானும் இவரும் வான்ல ஏறி, இரத்மலானையில இருந்து வெளிக்கிட்டு, இந்த நாட்டைக் கரையோரமா ஒருக்கா சுத்தி வரப்போறம். வான்லயே சமையல், வான்லயே படுக்கை.

"அப்ப லொட்ஜுகள் இல்லையே? வயசுபோன நேரத்தில ரோட்டுக்கரையில படுக்கப்போறியளோ?"

இந்த இரண்டாவது கேள்விதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பினது. அதுக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. (நீளமா வரும். தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.)

முதல்ல வானைப் பற்றிச் சொல்லுறன், அதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

இவர் இரத்மலானை ரயில்வே வேக்சொப்பில வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊர் ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்ற ஆக்களுக்காகச் சொல்லுறன்: இலங்கை ரயில் எஞ்சின், பெட்டி எல்லாம் பழுதுபாக்கிற பெரிய வேலைத்தலம் எங்கட ஊரிலதான் இருக்கு. காலம் முழுக்க இரும்போட இருந்த மனுசன். பென்சன் எடுத்த பிறகு வீட்டில இருந்த மிக்சியையும் காத்தாடியையும் கழட்டிக் கழட்டிப் பூட்டினவர். அதுகள் முடிஞ்ச பிறகு ஒருநாள் சொன்னார், "இஞ்ச பாரும், ஒரு பழைய வான் எடுப்பமே?"

பழைய வான் எண்டால் மலிவு எண்டு வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் நினைப்பினம். இஞ்ச அப்பிடி இல்லை. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினது, 2025 தொடக்கத்திலதான் திரும்பத் திறந்தது. அந்த அஞ்சு வருசத்துக்குள்ள நாட்டில ஓடின எல்லாத் தகரத்துக்கும் தங்க விலை வந்திட்டுது. நாங்கள் தேடினது "டொல்பின்" எண்டு சொல்லுற பழைய ஹயஸ், 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். அதுக்குப் பிறகு வந்த கேடிஎச் ஹயஸ்தான் வசதி எண்டு தெரிஞ்ச ஆக்கள் எல்லாரும் சொன்னவை. உண்மைதான், சீற்றும் நல்லம், ஓட்டமும் நல்லம். ஆனால் இவர் கேட்ட கேள்வி வேற. "வாகரையில வச்சு நிண்டால் ஆர் திருத்துவான்?"

டொல்பினை ஆரும் திருத்துவினம். கொம்பியூட்டர் ஒண்டும் இல்லை. பஞ்சிகாவத்தைக்குப் போனால் அதின்ர ஒவ்வொரு சாமானும், புதுசும் பழசுமா, கடை கடையா இருக்கு. எந்தச் சந்தியிலயும் ஒரு கராஜ் பாஸுக்கு அந்த எஞ்சின் பாடம். ஒரு குறை மட்டும் இருக்கு. எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ. மத்தியானத்தில ஓடினால் இருக்கிற இடம் கொதிக்கும். அதுக்கு மூடியைக் கழட்டி, உள்பக்கம் சூடு தாங்கிற விரிப்பு ஒட்டி, மேல தடிச்ச றபர் போட்டு, பிறகு சீற்றுக்குத் தும்பு மெத்தை. முதல்ல போட்ட விரிப்பு மணத்தது. அதைக் கழட்டிப்போட்டு வேற போட்டார். இப்ப நல்லம்.

அடுத்தது நிறம். இதை நான் கொஞ்சம் ஆறுதலாச் சொல்ல வேணும்.

வான் வந்தது வெள்ளை நிறத்தில.

கொழும்பில, அதுவும் வெள்ளவத்தையில, கொட்டாஞ்சேனையில 2006க்குப் பிறகு இருந்த தமிழ் ஆக்களுக்கு இதுக்கு மேல விளங்கப்படுத்தத் தேவையில்லை. நம்பர் இல்லாத வெள்ளை வான். வந்து நிக்கும், ஆளை ஏத்தும், போயிடும். பிறகு ஆள் இல்லை. இண்டைக்கும் பிள்ளைகளின்ர படத்தை நெஞ்சில வச்சுக்கொண்டு தாய்மார் தெருவில இருக்கினம். அந்த நாள்களில பின்னேரத்துக்குப் பிறகு ஒழுங்கைக்குள்ள ஒரு வெள்ளை ஹயஸ் மெதுவா வந்தால், நான் மகனைக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டினனான். மகன் இப்ப லண்டனில, அவருக்கே பிள்ளைகள் இருக்கு. ஆனால் என்ர உடம்பு அதை மறக்கேல்லை.

இவரிட்டச் சொன்னன்: "இஞ்சருங்கோ, இதுக்குள்ள நான் படுக்கமாட்டன்."

ஏன் எண்டு அவர் கேக்கேல்லை. அடுத்த நாளே பெயின்ற் கடைக்குப் போனவர். நிறம் மாத்தினால் பதிவுப் புத்தகத்திலயும் மாத்திப் பதிய வேணும், அதுக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைய வேணும். அலைஞ்சனாங்கள். பச்சை வேண்டாம் (ஆமி நிறம்). நீலம் வேண்டாம் (நேவி நினைவு வரும்). கடைசியில மஞ்சள். நல்லாப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின்ர மஞ்சள். இப்ப காலி வீதியில போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை காட்டுதுகள். ஒரு வானைப் பாத்துப் பிள்ளைகள் சிரிக்கிறதைக் காணுறது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு எழுத்தில கொண்டுவர ஏலாமல் இருக்கு.

சரி, உள்பக்கம்.

மொறட்டுவை எங்களுக்குப் பக்கத்து ஊர். தளபாடம் எண்டால் நாடே அங்கதான் வரும். ஒரு தச்சு பாஸ் வந்து அளந்து, முதல்ல குறுக்கால கட்டில் அடிச்சார். குறுக்கால அடிச்சால் சமைக்க இடம் மிஞ்சும் எண்டது கணக்கு. இவர் படுத்துப் பாத்தார். முழங்கால் மடங்கித்தான் படுக்க ஏலுது. ஒரு இரவுக்குச் சரி, ஒவ்வொரு இரவும் எண்டால் முதுகு போயிடும். கழட்டி நெடுக்கால அடிச்சார் பாஸ். இப்ப கட்டிலுக்குக் கீழ மூண்டு பெட்டி, இழுத்தால் பின்கதவுப் பக்கமா வெளியில வரும். ஒண்டு சமையல் சாமான், ஒண்டு ஆயுதங்கள் (ஜக், ஸ்பானர், கயிறு), ஒண்டு உடுப்பு. வானில படுக்கப் போறவைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: முதல்ல வெறும் பலகையில ரெண்டுபேரும் படுத்துப் பாருங்கோ, பிறகு ஆணி அடியுங்கோ.

மெத்தை: பஞ்சு மெத்தை வேர்வையைக் குடிச்சு வைக்குது, ஒரு கிழமையில மணம். ஸ்பொன்ஞ் நடுவில பதிஞ்சு போகுது. றபர் மெத்தைதான் சரி. அதுக்கு மேல ஒரு பன்பாய். பாய் போட்டால் முதுகுக்கு வெக்கை ஏறாது.

நுளம்பு: போல்கொடை ஆத்தங்கரையில ஒரு பரீட்சை இரவு படுத்தனாங்கள். கண்ணாடியைப் பூட்டினால் அவியுது, திறந்தால் நுளம்பு. விடியமட்டும் ரெண்டுபேரும் விசிறி அடிச்சுக்கொண்டு இருந்து கதைச்சது. அதுக்குப் பிறகு கண்ணாடி ஒவ்வொண்டுக்கும் அளவா வலை வெட்டி, ஓரத்தில காந்தம் வச்சுத் தைச்சன். தகரத்தில ஒட்டி நிக்குது, தேவையில்லாத நேரம் பிடுங்கி மடிச்சு வைக்கலாம். எங்கட வானில நான் ஆக விரும்புற சாமான் இதுதான். கூரையில சோலர் பலகை ஒண்டு, தனிப் பற்றரி ஒண்டு, அதில ஓடுற ரெண்டு சின்னக் காத்தாடி, ஒரு லைற், போன் சார்ஜ். வேற ஒண்டும் வேண்டாம். பிறிஜ் வைக்கச் சொல்லிக் கனபேர் சொன்னவை. மீன் சந்தைக்குச் சந்தை வாங்கலாம், பிறிஜ் எதுக்கு?

காஸ்: 2021 கடைசியில நாடு முழுக்க காஸ் அடுப்புகள் வெடிச்சது உங்களுக்கு நினைவிருக்கும். அதுக்குப் பிறகு காஸ் சிலிண்டரைக் கண்டால் எனக்கு நெஞ்சு இடிக்கும். வானுக்குள்ள காஸ் வச்சுப் படுக்க நான் ஒத்துக்கொள்ளேல்லை. மண்ணெண்ணெய் அடுப்பைப் பாத்தம், புகையும் மணமும், கறியில வரை ஏறுது. கடைசியில 2.3 கிலோச் சின்னச் சிலிண்டர்தான். ஆனால் சட்டம் ஒண்டு: சமையல் எப்பவும் வெளியில, பின்கதவைத் தூக்கி அதுக்குக் கீழ. இரவில சிலிண்டர் வெளியில தகரப் பெட்டிக்குள்ள, பூட்டோட.

இப்ப கக்கூஸ் விசயம். வெக்கப்படாமல் எழுதுறன், ஏன் எண்டால் பெண்களுக்குப் பயணத்தின்ர முதல் கேள்வியே இதுதான். வெள்ளவத்தையில இருந்து இராப் பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போற பெண்கள் மத்தியானத்தோட தண்ணி குடிக்கிறதை நிப்பாட்டிறது உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். நானும் அப்பிடித்தான். எங்கட அம்மா சலரோகக்காரி, அவவும் அப்பிடித்தான். பஸ் நிக்கிற ஒரே ஒரு தேத்தண்ணிக் கடையில ஒரு கதவு, அதுக்கு முன்னால வரிசை, அதுக்குள்ள கோர்ன் அடிப்பான். ரோட்டுகளுக்கு இவ்வளவு காசு கொட்டின நாட்டில, முப்பது நாப்பது கிலோமீற்றருக்கு ஒண்டா துப்புரவான பெண்கள் மலசலகூடம் கட்ட ஏலாதோ? எங்கட வானில ஒரு மூடி போட்ட வாளி இருக்கு, சுத்தித் திரை இருக்கு, மரத்தூள் ஒரு சாக்கு இருக்கு. போட்டு மூடினால் மணம் இல்லை. இந்த ஒரு ஏற்பாட்டால நான் இனிமேல் பயணத்தில வயிறு நிறையத் தண்ணி குடிப்பன்.

சரி, "எதுக்கு" எண்ட கேள்விக்கு வாறன்.

1972இல லண்டனில ஒரு இளம் சோடி, ரொனி வீலரும் மோரீன் வீலரும், 65 பவுணுக்கு ஒரு பழைய ஒஸ்ரின் மினி வான் வாங்கிக் கிழக்கு நோக்கி வெளிக்கிட்டவை. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான். காபூலில வானை வித்திட்டு, மிச்சத்தை பஸ்ஸிலயும் ரயிலிலயும் கப்பலிலயும் தாண்டி, வருசக் கடைசியில சிட்னிக்குப் போய்ச் சேரேக்க கையில 27 சதம். அடுத்த வருசம் அந்தப் பயணத்தை வச்சு ஒரு சின்னப் புத்தகம் போட்டவை. அதில இருந்து வளந்ததுதான் லோன்லி பிளனற். அவையளிட்ட ஆரும் "என்ன நேர்த்தி?" எண்டு கேட்டிருக்கமாட்டினம்.

அந்தத் தரைப்பாதை பிறகு அடைபட்டது. 1979இல ஈரானில புரட்சி, அந்த வருசக் கடைசியில சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள. எங்கட பக்கத்துப் பாதை அதுக்குக் கொஞ்சம் பிந்தி அடைபட்டது. 1914இல இருந்து கொழும்பில ரிக்கற் எடுத்தால் சென்னைமட்டும் போகக்கூடியதா இருந்தது: தலைமன்னாருக்கு ரயில், பிறகு கப்பல், அங்கால திரும்ப ரயில். 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோன பிறகும் இராமேஸ்வரத்துக்கு "இராமானுஜம்" கப்பல் ஓடினது. 1984இல அதுவும் நிண்டது. இவற்ற அப்பா அந்த வழியாச் சிதம்பரம் போய்வந்தவர்.

இந்த வானை இந்தியாவுக்குக் கொண்டுபோவமோ எண்டு நாங்களும் யோசிச்சனாங்கள். விசாரிச்சுப் பாத்தம். 2023 ஒக்ரோபரில தொடங்கின நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல், ஆக்களை மட்டும்தான் ஏத்தும், வாகனம் ஏறாது. கொள்கலனில அனுப்ப வேணும். அதுக்கு மேல "கார்னே" எண்டு ஒரு சுங்கப் பத்திரம், வாகனத்தை அங்க விக்காமல் திருப்பிக் கொண்டுவருவம் எண்டதுக்குப் பிணைக் காசு கட்டி எடுக்கிறது. பென்சன்காரருக்குக் கட்டுப்படியாகாது. சரி, தீவுக்குள்ளயே சுத்துவம் எண்டு முடிவெடுத்த அண்டைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்தத் தீவையே நான் எங்க பாத்தனான்?

யாழ்ப்பாணம்–கொழும்பு எத்தினை தரம் போய்வந்திருப்பன்! ஆனால் கூடுதலா இரவில. வெள்ளவத்தையில ஏறித் திரைச்சீலையை இழுத்து மூடி, விடிய யாழ்ப்பாணத்தில இறங்கிறது. என்ர வயசு ஆக்களில கனபேர் மாங்குளத்தைப் பகல்ல கண்டதில்லை. புளியங்குளத்தில என்ன மரம் நிக்குது எண்டு தெரியாது.

அதுக்கு முன்னம் பகல்ல போன காலமும் இருந்தது. அப்ப பாக்கவா ஏலும்? 2002இல போர்நிறுத்தத்தோட ஏ9 வீதி திறந்தது. ஓமந்தையில இறக்கி மூட்டை அவிட்டு, பிறகு நடந்து, மற்றப் பக்கத்துக்காரர் திரும்ப அவிட்டு, முகமாலையில அதே கதை திரும்ப. 2006 ஓகஸ்ட்டில திரும்பவும் மூடினது. தொண்ணூறுகளில ஆனையிறவு அடைபட்டிருக்கேக்க இவர் கிளாலிக் கடலேரியை இரவில வள்ளத்தில கடந்தவர். அங்க சூடுபட்டுச் செத்த ஆக்களைப் பற்றி அவர் இண்டைக்கும் கதைக்கமாட்டார். 

ஏன், எங்கட இரத்மலானையே ஒரு வழிதானே? 1947 டிசெம்பர் 10, எயார் சிலோனின்ர முதல் விமானம் இஞ்ச இருந்து காங்கேசன்துறை தொட்டு சென்னைக்குப் போனது. அதே விமான நிலையத்தில யுத்தகாலத்தில பலாலிக்குப் போக ஆக்கள் பொதியோட வெயிலில வரிசையில நிண்டதை நாங்கள் காலி வீதியால போகேக்க யோசிச்சுக்கொண்டு போறது. 1998 செப்ரெம்பர் 29, பலாலியில இருந்து இஞ்ச வரவேண்டிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில விழுந்தது. 55 பேர். இரத்மலானையில அண்டைக்குக் காத்துக்கொண்டு நிண்ட சொந்தக்காரர் எத்தினை பேர்!

"லொட்ஜ் இல்லையே" எண்டு கேட்ட தங்கச்சிக்கும் ஒண்டு சொல்ல வேணும். 2007 யூன் 7, விடியக் காலமை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளுக்குள்ள பொலிஸ் வந்து, "கொழும்பில நிக்கக் காரணம் என்ன?" எண்டு கேட்டு, 376 தமிழரை பஸ்ஸில ஏத்தி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிப்பாட்டினது. அந்த பஸ்ஸில போனவை ஆரும் ஜன்னலால வெளியில பாத்து ரசிச்சிருப்பினமோ?

எங்களை எல்லா இடத்திலயும் நிப்பாட்டினவை. நாங்களா ஒரு இடத்திலயும் நிண்டதில்லை. இதுதான் தங்கச்சி, நான் தேடின பதில். ஒரு குளத்தைக் கண்டால் வானை ஓரம் கட்டி, இறங்கி, காலை நனைச்சு, தேத்தண்ணி வச்சுக் குடிச்சு, சரி போவம் எண்டு தோணேக்க போறது. எதுக்கு நிண்டனீங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது. அதுக்குத்தான் இந்த வான்.

ரோட்டுக்கரையில படுக்கிறது மரியாதை இல்லை எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இன்னொண்டு. எங்கட சனம் இதைக் காலங்காலமாச் செய்த சனம். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில இருந்து கதிர்காமத்துக்கு நடந்து போற பாதயாத்திரையை யோசியுங்கோ. முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு குமணக் காடு, யாலக் காடு. ஒண்டரை மாசத்துக்கு மேல நடை. அதில போறதில கனபேர் வயசுபோன ஆக்கள், புருசனும் பெண்சாதியுமா. தலையில மூட்டை, கையில தடி, கோயில் மண்டபத்தில படுக்கை, மரத்துக்குக் கீழ சமையல். அவையளைக் கண்டால் கும்பிடுறம். மடுவுக்குப் போற ஆக்களைப் பாருங்கோ. ஆவணித் திருவிழாவுக்கு கொட்டாஞ்சேனையில இருந்து குடும்பம் குடும்பமாப் போய், காட்டு மரங்களுக்குக் கீழ கூடாரம் அடிச்சு, நாள்க்கணக்கில சமைச்சுச் சாப்பிட்டு இருப்பினம். அதுகள் எல்லாம் பக்தி, சரி. ஆனால் அந்த ஆச்சிமாருக்குப் பாதையில சந்தோசம் இல்லாமல் இருந்ததெண்டு நீங்கள் நினைக்கிறியளோ? எங்கட அம்மம்மா கதிர்காம நடையைப் பற்றிச் சொல்லேக்க சாமியைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லுவா. மிச்சம் முழுக்க ஆறு, குரங்கு, மோர் தந்த வீடு, இரவில கேட்ட பாட்டு.

கொச்சியில ஸ்ரீ பாலாஜி கோப்பி ஹவுஸ் எண்டு தேத்தண்ணிக் கடை நடத்தின விஜயனையும் மோகனாவையும் கேள்விப்பட்டிருப்பியள். நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து, கடன் எடுத்து, திரும்பிவந்து கடை நடத்திக் கடன் கட்டி, திரும்பப் போய், 25க்கு மேல நாடு பாத்தவை. விஜயன் ஐயா 2021இல தவறிப் போனார். அவற்ற படத்தை நான் வானுக்குள்ள ஒட்டச் சொன்னன். முருகனுக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கிறம்.

போற வழி இப்பிடி.

மாசி பிறக்க வெளிக்கிடுறம். வாடைக்காத்து மழை கிழக்கிலயும் வடக்கிலயும் தையோட ஓயும், சோளகம் தெற்கில வைகாசியிலதான் தொடங்கும். இடையில இருக்கிற இந்த மாதங்கள்தான் முழுத் தீவையும் சுத்தத் தோது. காலி வீதியைப் பிடிச்சுத் தெற்கு நோக்கிப் போறம். களுத்துறைப் போதியில இறங்கி உண்டியலில காசு போடுவம் (இந்த ரோட்டால போற ஆர் போடாமல் போறவை? சிங்களம், தமிழ், முஸ்லிம் எல்லாச் சாரதியும் போடுவினம்). பேரலியவில நிப்பம். 2004 சுனாமியில ரயில் கவிண்ட இடம். இவற்ற வேக்சொப் ஆக்களுக்கு அந்த ரயில் சொந்தம் மாதிரி, அங்க நிக்காமல் அவர் போகமாட்டார்.

மாத்தறை, அம்பாந்தோட்டை, கதிர்காமம். அங்க இருந்து உகந்தைக்கு நேர யாலைக் காட்டுக்குள்ளால வான் போகாது, நடந்துபோற ஆக்களுக்கு மட்டும்தான் யாத்திரைக் காலத்தில திறப்பினம். நாங்கள் புத்தள சுத்தி, மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில். கதிர்காமம்–புத்தள ரோட்டில யானை மறிச்சுச் சாப்பாடு கேக்கும். அதுகளுக்குப் பழம் குடுத்துப் பழக்கின ஆக்கள் செய்தது நல்லதில்லை, யானைக்கும் கூடாது, பின்னால வாற ஆக்களுக்கும் கூடாது. அந்த ரோட்டை விடிஞ்ச பிறகு தாண்டுவம், வானுக்குள்ள வாழைப்பழம் வைக்கமாட்டம்.

பொத்துவிலில இருந்து பாணமை தாண்டி உகந்தை. கடலும் மலையும் முருகனும் ஒரே இடத்தில. அங்க கனநாள் நிப்பம் எண்டு இப்பவே முடிவு. பிறகு திருக்கோவில், கல்முனை, மட்டக்களப்பு.

மட்டக்களப்பு–திருகோணமலை ரோட்டுக்கு நான் ஆக ஆசைப்பட்டுக்கொண்டு இருக்கிறன். முந்தி அந்த ரோட்டில ஆத்துக்கு ஆறு மிதவைப் பாதை: வாகனத்தை ஏத்தி, கயித்தைப் பிடிச்சு இழுத்துக் கரை சேக்கிறது. ஒண்டைத் தாண்டினால் அடுத்தது. சின்ன வயசில மாமாவோட லொறியில போய், வெருகலில பாதை வருமட்டும் கரையில இருந்து முருக்கங்காய்க் கறியும் சோறும் சாப்பிட்டது எனக்கு நினைவு. யுத்தம் முடிஞ்ச பிறகு எல்லாத்துக்கும் பாலம். 2009இல திறந்த கிண்ணியாப் பாலம் நாட்டிலயே நீளமானது எண்டுவினம். பாலம் நல்லம், ஆசுப்பத்திரிக்கு ஓடுற ஆக்களுக்கு உயிர். நாங்கள் பாலத்தையும் தாண்டி, பிறகு இறங்கி, கரையில இருந்து ஒருக்கால் சோறு சாப்பிடுவம்.

புல்மோட்டையில இருந்து கொக்கிளாய் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நடுவில கடலேரி, பாலம் இல்லை. உள்ளால சுத்த வேணும். முல்லைத்தீவுக்குப் போய் வட்டுவாகல் பாலத்தால மெதுவாப் போவம். யுத்தம் முடிஞ்ச 2009 வைகாசியில அந்தப் பாலத்தால வந்த சனத்தை நினைச்சுக்கொண்டுதான் போவம். அங்க சமையல் இல்லை, படுக்கை இல்லை.

பிறகு யாழ்ப்பாணம், சொந்தக்காரர் வீடுகள் (இதில கொஞ்சம் கஸ்டம் இருக்கு, வானை முத்தத்தில விட்டிட்டு வானுக்குள்ளயே படுக்கிறம் எண்டால் மாமி கோவிப்பா). திரும்பேக்க சங்குப்பிட்டிப் பாலத்தால பூநகரி. 2011இல அந்தப் பாலம் திறந்த பிறகு மன்னாருக்கு நேர ரோட்டு. கிளாலியை வள்ளத்தில கடந்த மனுசன் அதே கடலேரியை இப்ப தன்ர கையால வான் ஓட்டிக் கடக்கப்போறார். அந்த இடத்தில நான் வாய் திறக்கமாட்டன், அவர் நிப்பாட்டினால் நிப்பம். மன்னாரில பெருக்கமரம், மடு, அனுராதபுரம், புத்தளம், வீடு.

டீசலைப் பற்றி ஒரு பயம் இருக்கு. 2022இல கியூஆர் கோட் காட்டி, கிழமைக்கு ஒரு வானுக்கு 20 லீற்றர் எண்டு நாங்கள் வரிசையில கிடந்த நாடு இது. அண்டைக்கு இந்தப் பயணத்தை நினைச்சுப் பாக்கவே ஏலாது. அதால பெற்றோல் செட்டைக் கண்டால், அரைத் தாங்கி இருந்தாலும் நிரப்பிறது எண்டு இவர் சட்டம் போட்டிருக்கிறார். சிங்களம் எனக்கு நல்லா வரும், இவருக்கு இன்னும் நல்லா வரும், வேக்சொப்பில முப்பது வருசத்துக்கு மேல கதைச்ச பாஷை. அதைப் பற்றிக் கவலைப்படுற ஆக்கள் கவலைப்பட வேண்டாம். எங்கட ஒழுங்கையில வானுக்குள்ள நாங்கள் முதல் தரம் படுத்துப் பாத்த அண்டைக்கு, விடிய கண்ணாடியில தட்டி பிளேன்ரீ தந்தது பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காதான். அவதான் எங்கட பூனைக்கும் சோறு வைக்கப்போறா.

ரெண்டுபேரும் ஒரு சின்னத் தகரத்துக்குள்ள இவ்வளவு நாள் சண்டை பிடிக்காமல் இருப்பியளோ எண்டும் கேக்கினம். சண்டை பிடிப்பம். வீட்டில பிடிக்கிற சண்டையில அவர் முத்தத்துக்குப் போவார், நான் குசினிக்குப் போவன், அதோட முடிஞ்சிடும். வான்ல போக இடம் இல்லை, கதைச்சுத்தான் தீரவேணும். எனக்கு அது விருப்பம். இவ்வளவு காலமும் பிள்ளை, யுத்தம், வேலை, கடன் எண்டு மற்ற விசயங்களைத்தான் நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சது.

சாப்பாட்டுச் சாமான் கட்டியாச்சு. பருத்தித்துறை வடை ஒரு தகரம், பயத்தம் உருண்டை, ஒடியல் மா, வறுத்த அரிசிமா, மிளகாய்த்தூள், மோர்மிளகாய். புட்டுக்குழல் சின்னது ஒண்டு வெள்ளவத்தையில தேடி எடுத்தனான். தேங்காய் வழியில வாங்குவம்.

இப்ப உங்களிட்ட ஒரு உதவி. திருக்கோவில்–கல்முனைப் பக்கமும், மூதூர்–சேருவில் பக்கமும் இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ: இரவில வானை நிப்பாட்டக்கூடிய கோயில் வளவு, நல்ல தண்ணிக் கிணறு, பெண்கள் துணிஞ்சு குளிக்கக்கூடிய குளம். புளியங்குளம், மாங்குளம் ஆக்களும் சொல்லுங்கோ, ஏ9இலயும் ஒருக்கா பகல்ல இறங்கிப் பாக்கப்போறம். உங்கட வீட்டு முத்தத்தில நிப்பாட்டலாம் எண்டாலும் சொல்லுங்கோ, கூச்சப்படாமல் வருவம். புட்டு நான் அவிப்பன், கறி நீங்கள் வையுங்கோ.